உரம்

2019 ஆகஸ்ட் 18 இரவு திருவான்மியூர்க் கடற்கரையில் அலைகள் நீலமாக எரிவதைப் பார்த்தேன். அன்றே ஒரு கவிதை எழுதினேன். ஒரு சிறுபத்திரிகையில் வந்தது, நண்பர்கள் பாராட்டினார்கள். இப்போது அதுதான் என்னை உறுத்துகிறது.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை திருவொற்றியூரில். நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்த எண்ணூர்க் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் அந்த வெளிச்சத்தைப் பற்றி உற்சாகமாகச் சொன்னேன். "கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும் சார். வலைய போட்டுப் பாரு, கொழகொழன்னு அடைச்சிக்கும். மீன் அண்டாது" என்றார்.

பிறகுதான் படித்தேன். அந்த நீலம் நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரி. பருவக்காற்றில் ஆழத்துச் சத்துநீர் மேலேறினாலும் அது பெருகும். எல்லாப் பழியையும் சாக்கடைமேல் போட முடியாது. ஆனால் கழிவுநீரும் வயல்நீரும் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கரையோரத்து நுண்பாசிக்கு விருந்து. பாசியைத் தின்று நாக்டிலூகா கொழிக்கிறது. எல்லாம் செத்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின. மிஸிஸிப்பி நதி கொண்டுவந்து கொட்டும் உரத்தால் மெக்ஸிகோ வளைகுடாவில் கோடைதோறும் பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் கடல் மூச்சற்றுப் போகிறது.

எண்ணூரில் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கிங்காம் கால்வாய் நகரத்துச் சாக்கடையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் அருகே உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் அனுமதிக்கப்பட்ட கடல்நீரில் 49 இருந்ததாக மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. சத்தின் கச்சாப்பொருளே மூச்சை அடைத்தது.

தமிழில் உரம் என்றால் வலிமை; எருவும் உரம்தான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பழமொழி சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அளவை மீறியது யார், நஞ்சைக் குடிப்பது யார் என்று பழமொழி சொல்வதில்லை. ராயபுரத்தில் குடியிருக்கும் எனக்கும் அந்தச் சாக்கடையில் பங்குண்டு.

படிமம் தன்னளவில் போதும், அதற்குத் தகவல் தேவையில்லை என்று இதே பக்கங்களில் வாதாடியிருக்கிறேன். பி.ஏ.யில் படித்த கோல்ரிட்ஜின் கிழ மாலுமி காணும் கடல்கூட அழுகிக்கொண்டேதான் இரவில் நிறநிறமாக எரிகிறது. நான் எரிவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கவிதை பிரசாரம் செய்ய வேண்டும் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் தொகுப்புப் போட்டால் அந்தக் கவிதை அதில் இராது. பெரியவர் பார்த்த கடலை அதில் நான் பார்க்கவில்லை.