வாயிலுக்கு வெளியே நின்ற லாரிகள்



சரக்குக் கிடங்குகளை வடிவமைப்பது என் தொழில். சரக்கு எந்த வழியாக உள்ளே வரவேண்டும், எந்த அடுக்கில் அமரவேண்டும், அதை எடுத்துவரும் பணியாளர் ஒரு நாளில் எவ்வளவு தொலைவு நடக்கவேண்டும், எத்தனை வாயில்களில் லாரிகளை நிறுத்தி இறக்கவேண்டும் என்பனவற்றைக் கணக்கிட்டு வரைபடமாக்கித் தருவேன். எனக்குப் பெண் பார்த்த நாளில், மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டவர்களிடம் என் மாமா, "குடோன் கட்டுறாரு" என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டார் என்னை மேஸ்திரி என்றே நெடுநாள் எண்ணியிருந்தனர்.

அத்தா லாரி ஓட்டுநர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார். பெரும்பாலும் நிலக்கடலை மூட்டைகள், இடையிடையே நெல். திண்டிவனத்துக்கும் நிலக்கடலைக்கும் உள்ள உறவு பழையது. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இரகங்கள் 'டி.எம்.வி.' என்று தொடங்கும் பெயர்களைத் தாங்கியுள்ளன. அந்த மூன்று எழுத்துகளும் எங்கள் ஊரின் பெயர்ச் சுருக்கமே. அறுவடைக் காலத்தில் அத்தா நாள் கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். இத்தனை நாள் ஓட்டினீர்களா என்று சிறுவனாக நான் கேட்டபோது, "ஓடுன நேரத்த விட நின்ன நேரம்தான் தம்பி அதிகம்" என்றார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. பொறியியல் படித்து, பட்டம் பெற்று, அதே துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெருங்கிடங்கு அமைக்கும் பணி எங்கள் குழுவிடம் வந்தது. ஒரு தனியார் நிறுவனத்துக்குரியது. பெயர் இங்கு வேண்டாம். இடத் தேர்வில் பிழையொன்றும் இல்லை. பழைய எண்களில் சொன்னால், சென்னையிலிருந்து திருச்சி செல்லும் 45ஆம் எண் நெடுஞ்சாலையும், புதுச்சேரியிலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் 66ஆம் எண் நெடுஞ்சாலையும் திண்டிவனத்தில் சந்திக்கின்றன. விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளில் இரயில் பாதைகள் பிரிகின்றன. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வருமுன், மாநில எல்லையைத் தாண்டும் சரக்குக்கு மத்திய விற்பனை வரி இருந்தது. அதைத் தவிர்ப்பதற்காகவே நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தன. புதிய வரி வந்தபின் எல்லையைப் பார்த்துக் கிடங்கு கட்டவேண்டிய தேவை நீங்கியது. தொலைவையும் சாலையையும் பார்த்துப் பெரிதாக ஒன்றைக் கட்டினால் போதும் என்றாயிற்று. அந்தக் கணக்கில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் புஞ்சை நிலங்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது.

முதல் வரைபடத்தில் லாரி இறக்கும் வாயில்கள் 8 வைத்திருந்தேன். ஒவ்வொரு வாயிலுக்கும் உட்புறம் சரக்கை இறக்கி வைத்துச் சரிபார்க்க வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தில் அடுக்குகளை நிறுத்தினால் கூடுதலாகச் சரக்கு வைக்கலாமே என்று நிறுவனத்தார் கேட்டனர். ஒரு லாரியை இறக்கச் சராசரியாக 45 நிமிடங்கள். மணிக்கு வருவது சராசரியாக 6 லாரிகள். 5 வாயில்கள் இருந்தாலே மணிக்கு ஆறே முக்கால் வண்டிகளுக்குச் சற்றுக் குறைவாக இறக்கிவிடலாம். எனவே மூன்று வாயில்களை அழித்துவிட்டு 5 என்று வரைந்தேன். "ஒரு வாயில்கூடச் சும்மா இருக்காது" என்று நானே பெருமையுடன் சொன்னேன்.

வரைபடம் இறுதியான இரவில் அதை அத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் சாலையைத் தொட்டார், வாயிற்கதவைத் தொட்டார், இறக்கும் இடத்தைத் தொட்டார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. வண்டி எங்க நிக்கும்?"

இறக்கும் வாயிலில் நிற்கும் என்றேன்.

"அதுக்கு முன்னாடி?"

முன்னாடி நிற்கவேண்டிய தேவையே இராது, கணக்கு அப்படி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இஷா தொழப் போய்விட்டார்.

என் கணக்கில் என்ன பிழை என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் படித்தவர்கள்தாம் இதில் மிகுதியும் ஏமாறுகிறோம். 6.67 என்பது 6ஐ விடப் பெரிது. ஆகவே வரிசை சேராது என்று மனம் சொல்கிறது. சராசரிகளைக் கொண்டு பார்த்தால் அது சரி. ஆனால் லாரிகள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வருவதில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் தேங்கி, நான்கைந்தாகச் சேர்ந்து வரும். சென்னையில் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், அந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். மழை வரும், பில்லில் ஓர் எண் தவறியிருக்கும், லோடுமேன்கள் உணவுக்குப் போயிருப்பார்கள்.

எளிமைக்காக ஒரே ஒரு வாயில், ஒரு வண்டிக்கு 30 நிமிடம், வருகையும் இறக்கும் நேரமும் ஒழுங்கின்றி மாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த வாயில் நூற்றுக்கு 80 பங்கு நேரம் வேலையாக இருந்தால், வரும் வண்டி சராசரியாக 2 மணி நேரம் காத்திருக்கும். 90 பங்கு என்றால் நாலரை மணி நேரம். 95 பங்கு என்றால் ஒன்பதரை மணி நேரம். வாயிலைச் சும்மா விடாமல் வேலை வாங்கும் அளவு சிறிதே கூடும்போது, காத்திருப்பு மடங்கு மடங்காக எகிறுகிறது. ஐந்து வாயில்கள் இருந்தால் வேகம் இவ்வளவு கொடிதாக இராது, போக்கு இதுவே. என் 5 வாயில்களும் 90 பங்கு நிரம்பியிருந்தன. இவையெல்லாம் கல்லூரியில் நான் தேர்வெழுதிய பாடங்கள். அவற்றை மறந்துவிடவில்லை. காத்திருக்கப்போகிறவர் எங்கள் வாடிக்கையாளரும் இல்லை, எங்கள் பணியாளரும் இல்லை. அதனால் அந்தப் பாடத்தை நினைவுக்கு அழைக்கவேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை.

கிடங்கு திறந்தது. அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாகவே நடந்தது. ஒரு லாரி உள்ளே நுழைந்து வெளியேறச் சராசரி 70 நிமிடம் என்று மாதந்தோறும் அறிக்கை போயிற்று. எனக்குப் பாராட்டும் ஊதிய உயர்வும் வந்தன.

சாலையோரம் லாரிகள் நிற்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாலையில் போகும்போது பத்து, இரவில் பதினைந்து. நெடுஞ்சாலை என்றால் லாரிகள் நிற்கும் என்று கடந்துபோனேன்.

ஒரு நாள் ஃபஜ்ருக்குச் சற்று முன், பால் கேன்களுடன் வந்த மொபெட் ஒன்று, விளக்கின்றி நின்ற லாரியின் பின்புறத்தில் மோதியது. ஓட்டிவந்தவர் பக்கத்துக் கிராமத்து இளைஞர். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். இறைவன் அருளால் உயிர் பிழைத்தார். ஒரு காலில் கம்பி வைத்தார்கள். அந்த லாரி எங்கள் கிடங்கில் இறக்க வந்து, முந்தைய இரவு முதல் வரிசையில் நின்ற வண்டி. பேட்டரி தீர்ந்துவிடும் என்று ஓட்டுநர் விளக்கை அணைத்திருந்தார். லாரி நின்றது எங்கள் எல்லைக்குள் இல்லை என்பதால் எங்கள் ஏட்டில் இச்சம்பவத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

அன்று மாலை நான் வாயிற்காவலரின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் கடிகாரம் லாரி வாயிற்கதவைத் தாண்டும்போது ஓடத் தொடங்குகிறது. அதற்கு முன் நின்ற நேரம் எங்கும் இல்லை. ஓட்டுநர்களிடமிருந்த டோல் சீட்டுகளை வாங்கி, விக்கிரவாண்டியைக் கடந்த நேரத்தோடு ஒப்பிட்டேன். தெற்கிலிருந்து வந்த வண்டிகளுக்கு மாலை நெருக்கடியில் உள்ளே 70 நிமிடம். வெளியே 2 மணி 50 நிமிடம். ஆக 4 மணி நேரம்.

ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961இல் நிறுவிய விதி ஒன்று உண்டு. ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பதால் பெருக்கக் கிடைப்பது. மணிக்கு 6 வண்டி, 4 மணி நேரம்: 24 லாரிகள். உள்ளே இருப்பவை 7. மீதி 17 எங்கே? அத்தா விரல் வைத்துக் கேட்டது இந்தப் பதினேழைத்தான்.

வியப்பு என்னவென்றால், அதே 1961ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் வந்தது. நாளுக்கு 8 மணி நேர வேலை, இடையே ஓய்வு, இரவு தங்கவேண்டிய இடத்தில் ஓய்வறை என்று, 2025இல் நீக்கப்படும் வரை அது சொல்லிவந்தது. ஆனால் பொறுப்பு லாரியை இயக்கும் நிறுவனத்துக்கே இருந்தது. அதுவும் ஐந்து பேராவது வேலைசெய்யும் நிறுவனமாக இருந்தால். வரிசையில் நின்றவர்களில் பலர் ஒற்றை வண்டி வைத்திருந்தவர்கள், அல்லது அவர்களிடம் ஓட்டியவர்கள். லாரியை நிற்கவைக்கும் கிடங்குக்கு அச்சட்டத்தில் பொறுப்பே இருக்கவில்லை. சட்டப்படி நான் குற்றமற்றவன்தான்.

அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் ஒரு நபிமொழி நம்மில் பலரும் ஜும்ஆ பயானில் கேட்டதுதான். பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, எங்களுக்கு அமர்ந்து பேச வேறிடம் இல்லையே என்றார்கள் தோழர்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, அவ்வுரிமைகளை எடுத்துரைத்தார்கள். அவற்றுள் ஒன்று, பிறருக்குத் தொல்லை தராதிருத்தல். பாதைக்கு உரிமை உண்டு என்பதைச் சிறு வயது முதல் கேட்டு வந்தவன் நான். ஆயினும் அது தெருமுனையில் நிற்கும் இளைஞர்களுக்குச் சொன்ன அறிவுரை என்றே எண்ணியிருந்தேன். பதினேழு லாரிகளைப் பாதையில் உட்காரவைத்தவன் வரைபடம் வரைந்தவன் என்று தோன்றவில்லை.

மருத்துவமனைக்குப் போனேன். அந்த இளைஞரின் தாயார் என்னை லாரி முதலாளி என்று நினைத்துக்கொண்டார். நான் யார் என்று விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

முதலில் செய்தது கடிகாரத்தை மாற்றியதுதான். லாரி வந்து சேர்ந்தவுடன், வாயிற்கதவுக்கு வெளியிலேயே, காவலர் நேரத்தைக் குறித்துச் சீட்டுக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அடுத்த மாத அறிக்கையில் 70 நிமிடம் 4 மணி நேரமாகிவிட்டது. சென்னை அலுவலகத்திலிருந்து பதறிப்போய் அழைத்தார்கள், கிடங்கில் என்ன கெட்டுப்போயிற்று என்று. எதுவும் கெடவில்லை சார், முன்பும் இப்படித்தான் இருந்தது என்றேன். நீண்ட மௌனம். பிறகு, "லாரிக்காரங்க நம்ம ஆளுங்க இல்லையே" என்றார் மேலாளர். தீயவர் அல்லர், நானும் அதையேதான் நினைத்திருந்தேன், சொல்லாமல்.

வழக்கமான சொற்கள் எடுபடாது என்பதால் பணத்தில் பேசினேன். நின்ற வண்டிக்கு லாரி உரிமையாளர் ஹால்டிங் கேட்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த வாடகையில் ஏற்றிவிடுகிறார். நாங்கள் மூன்று வாயில்களை அழித்துச் சேமித்த இடத்தின் விலை, வாடகை என்னும் பெயரில் வேறு கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அது அவர்களுக்குப் புரிந்தது. அழித்த மூன்றில் ஒன்றை மீண்டும் திறந்தோம். 6 வாயில்களில் மணிக்கு 8 வண்டி இறக்கலாம். நிரம்பும் அளவு 90இலிருந்து 75க்கு இறங்கியது. பக்கத்தில் தரிசாகக் கிடந்த ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, ஜல்லி கொட்டி, லாரிகளை அங்கே நிறுத்தச் செய்தோம். விளக்கு போட்டோம். கழிப்பறையும் குளியலறையும் கட்டினோம். ஒளு செய்யத் தாழ்வாக நான்கு குழாய்கள் வைக்கச் சொன்னேன்; கால் கழுவ வசதியாக இருக்கிறதென்று எல்லா ஓட்டுநர்களும் அங்கேதான் கூடுகிறார்கள்.

நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் முறையையும் கொண்டுவந்தோம். அது அரைகுறையாகத்தான் நடக்கிறது. மதுரையிலிருந்து கிளம்பும் ஓட்டுநரிடம் மாலை 4 மணிக்கு வா என்று சொல்வது எளிது. சாலை அதைக் கேட்கவேண்டுமே. தாமதமாக வந்த வண்டியை வரிசையின் கடைசிக்குத் தள்ளவேண்டும் என்று சிலர் வாதிட்டனர். நான் ஒப்பவில்லை, இரண்டு மணி நேரத் தாமதம் வரை அதே முறைவரிசை என்று வைத்தோம். இதில் சிலர் தந்திரம் செய்கிறார்கள் என்பதும் உண்மை. இன்னும் தீராத சிக்கல் அது.

அந்த இளைஞர் இப்போது சற்று விந்தி நடக்கிறார். பால் எடுப்பதை விட்டுவிட்டார். லாரி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை தரலாமா என்று கேட்டபோது, அந்தப் பக்கமே வர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை.

சென்ற மாதம் அத்தாவை அங்கே அழைத்துப் போனேன். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஓட்டுநர்களுடன் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். இப்போது சராசரி எவ்வளவு என்று திரும்பும் வழியில் கேட்டார். வந்து சேர்ந்தது முதல் வெளியேறும் வரை 1 மணி 50 நிமிடம் என்றேன்.

"ரெண்டு மணி நேரம்" என்று திருத்திக்கொண்டார். "அதுக்குள்ள ஒரு தூக்கம் போடலாம். ஆனா மரம் ஒண்ணுதான் இருக்கு."

விழுப்புரம் பக்கம் இன்னொரு கிடங்குக்கான வரைபடம் இப்போது என் மேசையில் இருக்கிறது. எத்தனை மரம் வைக்கலாம் என்று அத்தாவிடம் கேட்டிருக்கிறேன். புங்கமரம் வை, சீக்கிரம் நிழல் தரும் என்கிறார்.