விட்வொர்த் டின்

என் அப்பா காசு கொடுத்துத் திருகாணி வாங்கி நான் பார்த்ததில்லை. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். உடைந்த நாற்காலி, கால் போன அலமாரி எது கிடைத்தாலும் உட்கார்ந்து கழற்றுவார். திருகாணி, கீல், வாஷர் எல்லாம் அளவு பார்த்து மைலோ டின்களுக்குள் போகும். எங்கள் கோர்ட்டர்ஸ் வீட்டின் பின்கட்டில் அப்படிப் பதினாறு டின்கள். நான் எதையாவது ஆணி அடித்துச் சேர்த்துவிட்டால், "நாளைக்கு இத எவன்டா கழட்டுவான்?" என்பார்.

நான் நாடகத்துக்குச் செட் போடுகிறவன். தமிழ், மலாய், ஆங்கிலம், நடுவில் அரங்கேற்றங்கள். முதல் பத்து வருடம் அப்பாவுக்கு நேரெதிராக வேலை செய்தேன். பிளைவுட்டில் வெள்ளைப் பசையைத் தடவி, ஆணித் துப்பாக்கியால் நாலு அடி. அரை நாளில் சுவர் நின்றுவிடும். வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை மூன்று காட்சி. ஞாயிறு ராத்திரி பம்ப்-அவுட், அதாவது செட்டைப் பிரித்து வெளியேற்றுவது. மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, அதனால் கடப்பாரைதான். பசை போட்ட பிளைவுட் ஏடு ஏடாகப் பிய்ந்து வரும். நடுராத்திரிக்குள் ஒரு வீடு முழுதாக ரோரோ குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதைப் பார்த்து நான் வருத்தப்பட்டதில்லை, பசிதான் இருக்கும்.

வெட்கம் வந்தது செந்தூலில்தான். கேஎல்பேக் என்று நாங்கள் சொல்லும் நிகழ்கலை மையம் 2005-இல் எங்கள் ரயில்வே நிலத்தில், பழைய கட்டடம் ஒன்றில் திறந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2003-இல், டத்தாரான் மெர்டேக்காவின் அடியில் இருந்த தி ஆக்டர்ஸ் ஸ்டூடியோ அரங்குகளைத் திடீர் வெள்ளம் மூழ்கடித்தது. கிள்ளானும் கொம்பாக்கும் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில், பூமிக்குக் கீழே நாடகக் கொட்டகை! ஜோ ஹாஷமும் ஃபரிதா மெரிக்கானும் நடத்திய அந்தக் குழுதான் பிறகு இங்கே வந்தது. பழைய செங்கல் சுவரை இடிக்காமல், அதை ஒட்டிக் கண்ணாடியும் இரும்பும் வைத்துக் கட்டினார்கள். பெரிய அரங்கில் 504 இருக்கைகள். முதல் தடவை அங்கே செட் இறக்கப் போனபோது, அப்பா பிறப்பதற்கு முன்பே எழுந்த அந்தச் சுவரை உரசிக்கொண்டு புதுப் பிளைவுட்டைத் தூக்கிப் போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பைக்குப் போகப்போகிற பிளைவுட்.

அதற்குப் பிறகு ஆணித் துப்பாக்கியை எடுக்கவில்லை என்று சொன்னால் பொய். மெல்ல மெல்லத்தான் குறைந்தது.

இப்போது என் பிளாட்டுகள், அதாவது செட் சுவர்த் தட்டிகள், எல்லாம் நாலுக்கு எட்டு அல்லது இரண்டுக்கு எட்டு அடி. மெராந்தி மரச் சட்டம், போல்ட் துளைகளுக்கு ஒரே இடைவெளி. எந்த நாடகத்தின் பிளாட்டும் எந்த நாடகத்தின் பிளாட்டோடும் சேரும். மூலைகளில் ஊசிக் கீல். ஊசியை உருவினால் சுவர் இரண்டாகப் பிரியும், சத்தமே வராது. சிக்கல் பெயிண்ட்டில் இருக்கிறது. ஏழெட்டுப் பூச்சுக்குப் பிறகு பிளாட் கனத்துவிடும், ஓரம் உரியும். அப்போது மேலே துணி இழுத்து ஒட்டிப் புதிதாகத் தொடங்குவேன். துணியை மட்டும் பிறகு உரித்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் 2021-இல் வந்த தியேட்டர் கிரீன் புக் என்ற வழிகாட்டி, ஒரு நாடகத் தயாரிப்பின் பொருளில் பாதியாவது முன்பே பயன்பட்டதாக இருக்க வேண்டும், 65 சதவீதம் பிறகு வேறெங்காவது போய்ச் சேர வேண்டும் என்று ஆரம்ப நிலைக்கே அளவு வைத்தது. நல்ல அளவுதான். ஆனால் நம் பழைய கம்பெனி நாடகக்காரர்களுக்கு அதைப் படித்துக் காட்டினால் சிரித்திருப்பார்கள். தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன். எழுதிய படுதாவைச் சுருட்டி ரயிலில் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். வள்ளி ஓடிய காட்டில்தான் மறுநாள் சந்திரமதி அழுதாள். யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்றைக்கு இயக்குநர் கேட்பார். "அண்ணே, இது போன நாடகத்துக் கதவுல்ல?" ஆமாம், அதே கதவுதான். இடித்த பலகை வீடொன்றிலிருந்து எடுத்த செங்கால் மரக் கதவு. டிரில் பிட்டை மழுக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும். ஐந்து நாடகத்தில் நடித்துவிட்டது. நிறத்தை மாற்றி, கைப்பிடியை இடம் மாற்றினால் ஆறாவதிலும் நடிக்கும்.

உண்மையான தடை இயக்குநர் இல்லை, ஸ்டோர் வாடகை. கோலாலம்பூரில் பிளைவுட்டை வைத்திருக்கும் செலவு, புதிதாக வாங்கும் செலவைத் தாண்டிவிடுகிறது. அதோடு கரையானும் ஈரமும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கிடங்கைப் பங்கு போட்டிருக்கிறோம். யார் பிளாட்டை யார் எடுத்தார்கள் என்ற சண்டை மாதம் ஒருமுறை வரும்.

விளக்குக்காரத் தம்பிக்கு வேறு கவலை. ஆயிரம் வாட் பார் (PAR) விளக்கு மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாகவே கொட்டும். அந்தச் சூட்டை விரட்ட ஏர்கான் இன்னும் ஓட வேண்டும். எல்இடி வந்து இரண்டையும் குறைத்தது. ஆனால் மட்டமான எல்இடியின் கீழே நாட்டியக்காரப் பெண்ணின் அரக்குப் பட்டு செத்துப்போய்த் தெரிகிறது. அம்மாக்கள் விடமாட்டார்கள். அவன் இன்னும் நாலு பழைய விளக்குகளை ஒளித்து வைத்திருக்கிறான். நான் எதுவும் சொல்வதில்லை.

ரயில்வே பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். டின்கள் என் கிடங்கில் இருக்கின்றன. பதினைந்திலிருந்து எடுத்தாகிவிட்டது. பதினாறாவதில் பட்டறையில் கழித்துப்போட்ட போல்ட்டுகள், பழைய ஆங்கிலேய விட்வொர்த் மரை. இப்போது கடையில் கிடைக்கிற மெட்ரிக் நட் எதுவும் அதில் ஏறாது. துரு பிடிக்காமல் இருக்க வருடம் ஒருமுறை எண்ணெய் விட்டு, மூடி, திரும்ப அதே தட்டில் வைக்கிறேன்.