பாலத்தை நம்பிய ஊர்

அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் எல்லை என்பது ஒரு கோஷம். டெக்ஸாஸ் மாநிலத்தின் லாரெடோ நகருக்கு அதுதான் பிழைப்பு.

ரியோ கிராண்டே இந்த இடத்தில் அப்படியொன்றும் பெரிய நதி அல்ல. நாணல் அடர்ந்த கரைகளுக்கு நடுவே கலங்கலாக, மெதுவாகப் போகிறது. வடகரையில் லாரெடோ. தென்கரையில் மெக்ஸிகோவின் நுவேவோ லாரெடோ. 1755-ல் ஸ்பானியர்கள் அமைத்தபோது ஊர் ஒன்றுதான் இருந்தது. போரில் தோற்ற மெக்ஸிகோ, 1848-ல் நதியை எல்லையாக ஏற்றது. மெக்ஸிகோ குடிமக்களாகவே நீடிக்க விரும்பியவர்கள் அக்கரைக்குப் போய்ப் புதிய லாரெடோவை உண்டாக்கினார்கள். இன்றும் இரு கரைகளிலும் சொந்தபந்தங்கள் உண்டு. லாரெடோவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹிஸ்பானிய வம்சாவளியினர். சான் அகஸ்டின் தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஸ்பானிஷ் சகஜமாகப் புழங்குகிறது. ஆனாலும் ஊரின் பெரிய திருவிழா ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள்தான்! 1898-லிருந்து நடந்துவரும் இந்த விழாவில், பாலத்தின் நடுவே இரு நாட்டுக் குழந்தைகளும் கட்டித் தழுவிக்கொள்வது முக்கியச் சடங்கு.

ஆண்டு முழுவதும் ஊரைக் காப்பாற்றுவது லாரிகள். 2000-ல் திறக்கப்பட்ட உலக வர்த்தகப் பாலம் சரக்கு லாரிகளுக்கென்றே கட்டப்பட்டது. மெக்ஸிகோ லாரி டிரெய்லரை இக்கரையில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடும். அமெரிக்க லாரி அதைக் கோர்த்துக்கொண்டு 35-ம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பும். அந்தச் சாலை லாரெடோவில் தொடங்கி மின்னஸோட்டாவின் டுலூத் வரை போகிறது. 2023-ல் மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமான லாரிகள் இங்கே அமெரிக்காவுக்குள் நுழைந்தன. இருபுறமும் கைமாறிய சரக்கின் மதிப்பு 30,000 கோடி டாலருக்கும் மேல். கஸ்டம்ஸ் ஏஜெண்ட், கிடங்குக் கூலி, டிரைவர், டயர் கடைக்காரர் எல்லோரும் இதில்தான் வாழ்கிறார்கள்.

இந்த வாழ்வும் ஒரு அதிபர் தேர்தலில் விவாதிக்கப்பட்டதுதான். 1992-ல் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ, வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தால் வேலைகளை மெக்ஸிகோ உறிஞ்சிவிடும் என்று எச்சரித்தார். சுமார் 19 சதவீத வாக்குகள் பெற்றார். ஆனால் ஜெயித்தவர், ஒப்பந்தத்தை நிபந்தனைகளோடு ஆதரித்த பில் கிளின்டன். 1994-ல் ஒப்பந்தம் அமலானது. ஆலைகள் மூடப்பட்ட வடமாநில ஊர்களில் பெரோ சொன்னதே சரி என்று நினைப்பவர்கள் ஏராளம். லாரெடோவோ வளர்ந்தது. 1990-ல் சுமார் 1.23 லட்சமாக இருந்த மக்கள் தொகை 2020-ல் 2.55 லட்சம்.

இந்த ஊருக்குத்தான் 2015 ஜூலையில் வேட்பாளர் டொனால்ட் டிரம்ப் வந்தார். எல்லை நெடுகச் சுவர் என்பது அவருடைய வாக்குறுதி. 2016-ல் லாரெடோ அடங்கிய வெப் கவுன்டியில் அவருக்குக் கிடைத்தது கால்வாசிக்கும் குறைவான வாக்குகள். 2020-ல் சுவரை எதிர்த்தவர்கள், சுவருக்குப் பணம் தராதே என்று நீதிமன்றத்தின் முன்னால் நடுத்தெருவிலேயே பெரிய மஞ்சள் எழுத்துகளில் எழுதிவைத்தார்கள். 2021-ல் பைடன் ஆட்சியில் லாரெடோ பகுதிச் சுவர் ஒப்பந்தங்கள் ரத்தாயின.

2024-ல் டிரம்ப் மூன்று வாக்குறுதிகளோடு வந்தார். சுவர், இறக்குமதி வரி, சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைப் பெருமளவில் வெளியேற்றுவது. மூன்றுமே லாரெடோவை நேராகத் தொடுபவை. வரியை மெக்ஸிகோ கட்டுவதில்லை. சரக்கை வரவழைக்கும் அமெரிக்க நிறுவனம்தான் கட்டுகிறது. விலை ஏறினால் சரக்கு குறையும்; சரக்கு குறைந்தால் லாரி குறையும். ஆட்களை வெளியேற்றுவதோ, ஒரே வீட்டில் மகனுக்குக் குடியுரிமை இருந்து தாய்க்கு இல்லாத குடும்பங்களைப் பிரிக்கும்.

இருந்தும் வெப் கவுன்டியில் பாதிக்குச் சற்று அதிகமான வாக்குகள் டிரம்புக்கே விழுந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த இடம் இது. எல்லையைக் காக்கும் போலீஸ் வேலையிலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விலைவாசியும் பலரை உறுத்தியது. பாலத்தை நம்பி வாழ்பவர்கள் பாலத்துக்காகவே வாக்களிப்பார்கள் என்று போட்ட கணக்கு தப்பிவிட்டது.

வாக்குறுதிகள் சீக்கிரமே வந்து சேர்ந்தன. 2025 மார்ச் 4 அன்று மெக்ஸிகோ சரக்குகள் மீது 25 சதவீத வரி அமலானது. மூன்றே நாளில், வட அமெரிக்க ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட சரக்குகளுக்கு விலக்கு வந்தது. எந்தப் பெட்டிக்கு வரி, எதற்கு இல்லை என்று பார்ப்பது கஸ்டம்ஸ் ஏஜெண்டுகளின் தலையில் விழுந்தது. ஜூலையில் எல்லைச் சுவருக்காக 4,650 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தில் டிரம்ப் கையெழுத்திட்டார்.

சுவர் எழுந்தால் அது இக்கரையில்தான் எழும். நதி சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். லாரெடோ குடிப்பது அந்த நதியின் தண்ணீரைத்தான்.