கடல் பச்சையானால் நாம் கேட்க வேண்டியவை



கடலோர ஊர்களில் பிறந்த நமக்கு மீன் ஆணம் இல்லாத வாரம் அரிது. ஆதலால், செத்த மீன்கள் கரை ஒதுங்கும்போது நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இதை உண்ணலாமா?" என்பதே. கடலில் தானாக இறந்த மீனும் ஆகுமானது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. வெளிக்காரணம் எதுவுமின்றி இறந்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹப் விலக்குகிறது. உடலுக்குக் கேடு தருவதை உண்ணலாகாது என்பதில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. அந்தக் கேடு உண்டா என்பதை அறிய, மீன் எதனால் இறந்தது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

2019 ஆகஸ்டில் ஓர் இரவு சென்னைக் கடற்கரை அலைகள் நீல ஒளி வீசின. மக்கள் திரண்டு வந்து வியந்தனர். அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில், மண்டபம், பாம்பன் பகுதிகளில் கடல் பச்சை நிறமாயிற்று. மீன்கள் செத்து ஒதுங்கின. இரண்டிற்கும் காரணம் நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச் செல் உயிர்தான். நம் மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பர்.

பூங்கோரை அளவின்றிப் பெருகிப் பின் மடியும்போது, அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. நீரில் அம்மோனியாவும் கூடுகிறது. விரைந்து நீந்தும் மீன் தப்பிவிடலாம். பாறையோடு ஒட்டி வாழும் பவளம் எங்கே போகும்? அவ்வாண்டு சிங்கில் தீவை அடுத்த பவளப்பாறைகளில் ஒரு பகுதி சில நாட்களிலேயே மடிந்தது. மீன்குஞ்சுகளின் புகலிடம் அது; நம் நாளைய உணவும் அதுவே.

வேறு சில பாசிகள் நஞ்சையே சுரக்கின்றன. அந்த நஞ்சு மட்டி, சிப்பிகளின் சதையில் சேர்கிறது. 1981-இல் தமிழகத்தில் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்; மூவர் இறந்தனர். கொதிக்கும் ஆணத்திலும் அழியாத நஞ்சு அது. நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ அதனை எவரும் கண்டுகொள்ள இயலாது.

ஆகவேதான் கடலைக் கண்காணிப்பது அவசியமாகிறது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள்கள் காட்டும் நீரின் நிறத்தைக் கொண்டு பாசிப் பெருக்கத்தை அறிந்து அறிவிக்கிறது. ஆயினும், மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. அது எந்தப் பாசி, நஞ்சுள்ளதா என்பதையும் மேலிருந்து உறுதி செய்ய இயலாது. நீரை அள்ளி நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். ஆக்சிஜனை அளந்தாக வேண்டும். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய ஆய்வுகளைச் செய்து வருகின்றனர்.

எனினும், விடியலில் கடலை முதலில் காண்பவர் நம் மீனவரே. நீர் நிறம் மாறினாலோ, மீன்கள் செத்து மிதந்தாலோ, இடத்தையும் நேரத்தையும் குறித்து மீன்வளத்துறைக்கு உடனே தெரிவிப்போம். காரணம் தெரியும்வரை ஒதுங்கிய மீனையும் அங்குள்ள மட்டியையும் எடுக்காதிருப்போம், பிள்ளைகளையும் தடுப்போம். பாசிக்கு உரமாகும் கழிவுநீரை நம் தெருக்களிலிருந்தே கடலில் விடாதிருக்க ஜமாஅத்தில் பேசி முடிவெடுப்போம்.

கடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதிலிருந்து உண்பவர் அதனைக் கவனித்திருக்கவும் கடமைப்பட்டவர்.