புல்லட்டுக்கு மூச்சுத் திணறல்!

எங்க வீட்டு புல்லட் 1974 மாடல். தாத்தா வாங்கினது, அப்பா ஓட்டினது, அடுத்தது நான்! போன வருஷம் அப்பா முப்பதாயிரம் செலவு பண்ணி இன்ஜினைப் பிரிச்சு ரீபோர், புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டார். ஆயிரம் கிலோமீட்டர்கூட தாண்டலை... உதைச்சா கிக்கர் தடையே இல்லாம கீழே போகுது. சூடானா ஐடிலிங் நிக்கலை. சைலன்சர்ல 'பட் பட்'னு வெடி.

"மறுபடியும் போர் போச்சு சார், இன்னும் பன்னிரண்டாயிரம் ஆகும்"னார் மெக்கானிக். அப்பா ஒரே வார்த்தைல முடிச்சுட்டார்... "வித்துடலாம்மா!"

ஒரு வாரம் டைம் கேட்டேன். மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிறது வேற எதுக்காம்?

புல்லட் இன்ஜின்ல ரகசியம் கம்மி. 346 சி.சி., ஒரே சிலிண்டர், ரெண்டே வால்வு. அழுத்தம் குறையுதுன்னா காற்று எங்கேயோ கசியுது. எங்கேன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்.

முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு கம்ப்ரஷன் கேஜை வெச்சு உதைச்சோம். அப்புறம் அதே ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி உதைச்சோம். ரிங் தேஞ்சிருந்தா ஆயில் அந்த இடைவெளியை அடைச்சு, கேஜ் முள் ஏறணும். ஏறவே இல்லை. ஆக, ரிங் நிரபராதி!

அடுத்து, பஞ்சர் கடை அண்ணன் கம்ப்ரஸரோட வந்தார். பழைய பிளக்கோட பீங்கானை உடைச்சு எடுத்துட்டு, அதுல ட்யூப் வால்வை வெல்டு பண்ணியிருந்தார். ரெண்டு வால்வும் மூடியிருக்கிற மாதிரி பிஸ்டனை உச்சத்துல நிறுத்தி, கியர் போட்டு, பின் பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு காற்றை விட்டோம். கார்புரேட்டர்ல சத்தமில்லை. சைலன்சர்ல காதை வெச்சா... 'உஸ்ஸ்ஸ்'! டீகம்ப்ரஸர் சரியா மூடியிருக்கான்னும் பார்த்தாச்சு. மாட்டினது எக்ஸாஸ்ட் வால்வு.

இன்னொரு சாட்சியும் இருந்தது. ரெண்டு மாசத்துல மூணு தடவை எக்ஸாஸ்ட் டேப்பட் இறுகிப்போய், புஷ்ராடு விரலுக்குச் சுத்தலை. கேம் தேஞ்சா இடைவெளி அதிகமாகணும். குறையுதுன்னா, வால்வு தன் சீட்டுக்குள்ளே புதையுதுன்னு அர்த்தம். பெட்ரோல்ல ஈயம் கலந்த காலத்துல, அந்த ஈயப் படலம் வால்வு சீட்டுகளைத் தேயாம காப்பாத்தும். இந்தியா முழுக்க ஈயம் 2000-ல நின்னுடுச்சு. பழைய இன்ஜின்கள் இதையும் தாங்கணும்.

லேத் பட்டறையில ஹெட்டைக் கவிழ்த்து, எக்ஸாஸ்ட் வழியில பெட்ரோல் ஊத்தினோம். பத்து செகண்டுல வால்வு ஓரமா சொட்டு சொட்டா இறங்கிடுச்சு. கைடுக்குள்ளே வால்வு ஆட்டம் போடுது. சிலிண்டர்ல எல்லாம் புதுசு... ஹெட்டுல எதையுமே தொடலை!

புது வால்வு, புது கைடு, 45 டிகிரியில சீட் கட்டிங், பேஸ்ட் போட்டு லேப்பிங். மொத்தம் நாலாயிரத்துக்குள்ளே முடிஞ்சது. போரை யாரும் தொடலை. அப்பா உதைச்சுப் பார்த்தார். கிக்கர் பாதியிலேயே காலை எதிர்த்து நின்னுச்சு. வண்டியை விக்கிற பேச்சு அதோட காலி!

'இன்ஜின் வேலை முடிச்ச வண்டி'னு யாராவது பழைய பைக்கை உங்ககிட்ட நீட்டினா, பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். "ஹெட்டுல என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வர்ற வேகத்துலயே பாதி தெரிஞ்சுடும்!