ஏட்டில் ஏறாத ஊர்

பொதிகை என்ற பெயரைக் கேட்ட அளவில் தமிழர் நெஞ்சம் அகத்தியரை நினைக்கும், தென்றலை நினைக்கும், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய ஆய் அண்டிரனின் வள்ளன்மையை நினைக்கும். அந்த மலையின் கிழக்கு முகத்தில் பாபநாசமும் தாமிரபரணியும் உள்ளன. மேற்கு முகத்தில், நம் திருவனந்தபுரம் மாவட்டத்து நெடுமங்காடு வட்டத்தில், போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்து ஊர் உள்ளது. கிழக்கு முகத்தைப் பாடிய புலவர் பலர். மேற்கு முகத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம்மவரைப் பற்றி எழுதினாரோ மிக அரியர். அக்குறை நம் காலத்திலேனும் தீர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைநகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் இருப்பினும், போனக்காடு நமக்கு அயலான இடமன்று. அந்த மலைச்சரிவுகளில் பிறக்கும் நீரே கரமனையாறாகத் திரண்டு, 1983-இல் பயனுக்கு வந்த பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரை வழியாக நம் வீட்டுக் குழாய்க்கு வந்து சேருகிறது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு இப்பக்கத்திலிருந்து செல்வோர் போனக்காட்டிலிருந்தே நடக்கத் தொடங்குகின்றனர். நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2019 முதல் பெண்டிரும் அம்மலை ஏறுகின்றனர். இவ்வாறு மலையை நாடிச் செல்வோர் ஆயிரவர். வழியில் வரிசையாக நிற்கும் பழைய குடியிருப்புகளைக் கண்டு, இங்கு வாழ்ந்தவர் யாவர் என்று நின்று கேட்போர் எத்தனை பேர்?

ஊர் என்றால் நம் மனக்கண்முன் தோன்றுவன கோயில், குளம், தெரு, வயல், இடுகாடு ஆகியன. அந்த ஊருக்குப் பட்டா உண்டு. கல்வெட்டேனும் தலபுராணமேனும் உண்டு. தோட்டத்து ஊர் அவ்வாறு தோன்றியதன்று. காடு திருத்தப்பட்ட பின்னர், வேலைக்கென அழைத்து வரப்பட்ட மக்களுக்காகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளே அங்கு ஊராயின. நிலமும் வீடும் தோட்டத்துக்கு உரியன. வேலை உள்ளவரை வீடு உண்டு. அவர்களுக்கு முன்னரே அம்மலையில் வாழ்ந்த காணி மக்களுக்கு மூட்டுக்காணி என்னும் தலைவரும், கொக்கரை இசையோடு பாடும் சாற்றுப்பாட்டும், காட்டின் மருந்தறிவும் மரபாக உள்ளன. அவற்றை அறிஞர் ஆராய்ந்தனர். 1850-களில் ஜான் ஆலன் புரௌன் அகத்தியமலை உச்சியில் ஆய்வுக்கூடம் அமைத்துக் காற்றையும் காந்தத்தையும் அளந்து எழுதினார். காடு எழுதப்பட்டது, காணியர் வாழ்வும் ஓரளவு எழுதப்பட்டது, தேயிலைக் கூடை சுமந்தவள் மட்டும் சம்பளப் பதிவேட்டில் ஒரு வரியாக நின்றுவிட்டாள்.

அந்த வரிக்குப் பின்னால் உள்ள வரலாறு பெரிது. தென்னாட்டு மலைகளில் ஆங்கிலேயர் முதலில் பெரிதும் பயிரிட்டது காப்பி. 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்துத் தென்னிந்திய மலைகளிலும் பரவியது. அதன் பின்னரே தேயிலை பெருகியது. தேயிலையோ ஆண்டு முழுதும் ஆள் கேட்கும் பயிர். ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒரு முறை கொழுந்து எடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்ட வேண்டும். உலர்ந்த தேயிலை ஒரு கிலோவுக்குப் பச்சைக் கொழுந்து நாலரைக் கிலோ அளவில் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக மக்கள் தேவைப்பட்டனர். கங்காணிகள் திருநெல்வேலிச் சீமையிலும் தென் திருவிதாங்கூரிலும் ஊர் ஊராகச் சென்று, முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினர். வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் ஒரு பக்கம் தள்ள, முன்பணம் மறுபக்கம் இழுத்தது. இந்தத் துயரத்தைப் புதுமைப்பித்தன் 1935-இல் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தோட்டத்தை வைத்துக் காட்டினார். வால்பாறையில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், பின்னாளில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தது. போனக்காட்டுக்கு அத்தகைய ஒரு நூல் இன்னும் வாய்க்கவில்லை.

ஈண்டு மற்றொரு செய்தியையும் கருத வேண்டும். கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களிலிருந்து நெடுமங்காட்டு மலைக்கு வந்தவர், வந்த காலத்தில் ஒரே திருவிதாங்கூர் அரசின் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு வந்தவரே ஆவர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அந்த நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. மலையில் இருந்தவர் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்தம் தாய் ஊர் மட்டும் எல்லைக்கு அப்பால் சென்றது. ஓரடியும் எடுத்து வைக்காமல் அவர்கள் அயல் மாநிலத்தவர் ஆயினர். பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படித்தனர்; வீட்டில் தமிழ் பேசினர்; ஆத்தாவின் தாலாட்டு ஒரு மொழியிலும், விண்ணப்பப் படிவம் மற்றொரு மொழியிலும் அமைந்தன. வேலை மாற்றத்தால் இங்கு வந்து குடியேறிய நம் போன்றோருக்கு இந்நிலை ஓரளவு புரியும். ஆயினும் நமக்கு ஓய்வூதியமும், திரும்பிச் செல்ல ஓர் ஊரும் உண்டு. அவர்களுக்கு லயமே ஊர்.

லயம் என்ற சொல் இசையறிந்தோருக்குத் தாள ஒழுங்கைக் குறிக்கும். தோட்டத்திலோ, ஒரே கூரையின் கீழ் நடுச்சுவரைப் பகிர்ந்து நிற்கும் சிற்றறை வீடுகளின் வரிசைக்கு அதுவே பெயர். காலையில் ஆட்கள் கூடிப் பெயர் கொடுப்பது பிரட்டு. பரேடு என்ற ஆங்கிலச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற படிவரிசையில் ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆட்சிமுறையைச் சுமந்து நிற்கிறது. மழைக்கும் முள்ளுக்கும் காவலாக இடுப்பில் கட்டிய படங்கு, நெற்றியில் கயிற்றுத் தழும்பு பதிய முதுகில் தொங்கிய கூடை, அட்டைக் கடிக்குப் புகையிலை, லயத்தின் கோடியில் நட்ட கல்லே மாடனும் அம்மனுமாகிய வழிபாடு, அருகிலேயே சிலுவை நட்ட சிற்றாலயம் ஆகிய யாவும் அவர்தம் மரபுச் செல்வங்களே. ஓலைச்சுவடியில் இருந்தால்தான் மரபு, கோபுரம் இருந்தால்தான் தொன்மை என்று நாம் கருதுவோமாயின், நம்மவருள் பெரும்பகுதியினருக்கு மரபே இல்லை என்று சொன்னவர் ஆவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அலுவலக நண்பர்கள் சிலருடன் போனக்காடு சென்றிருந்தோம். விதுரையைக் கடந்து, காணித்தடம் சோதனைச் சாவடிக்குப் பின் காடு சூழ்ந்த பாதை அது. தொழிற்சாலை இயக்கம் நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இயந்திரங்கள் துருவேறி நிற்க, சன்னல்களின் வழியே கொடிகள் உள்ளே புகுந்திருந்தன. சில இடங்களில் தேயிலை நம் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. தேயிலை இயல்பில் மரம். மனிதக் கைகள் இடைவிடாமல் கொய்தும் வெட்டியும் வருவதால்தான் இடுப்பளவுச் செடியாக நிற்கிறது என்பதை அங்குதான் கண்ணால் கண்டோம். நாம் அழகென்று படம் பிடிக்கும் பச்சை விரிப்பு ஆயிரம் பெண்களின் விரல்வேலை. விரல் ஓய்ந்தவுடன் காடு திரும்பி வந்துவிட்டது.

நம்மோடு பேருந்தில் வந்த இளைஞர் கூட்டம் ஒன்று, மேட்டிலுள்ள பழைய துரை மாளிகையை நோக்கி ஆர்வத்தோடு விரைந்தது. அங்கே பேய் உலவுவதாகப் பரவிய கதை நாடெங்கும் அறிந்ததே. கீழேயுள்ள லயத்தில், சாய்ந்த கூரைக்குக் கீழே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி நம்மைக் கண்டு, "ஐயாமாரும் பேய் பாக்கத்தான் வந்தீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றோம். "பேயக் கேட்டு எத்தனையோ பேரு வாராக. நாங்க இருக்கோமான்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள். சினம் சிறிதும் இல்லாத குரலில் அவள் அதைச் சொன்னது நம் நெஞ்சைத் தைத்தது. எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டோம். தன் தாய் தெற்கேயிருந்து நடந்து வந்தவள் என்பதையும், வழியில் இரண்டு இரவு தங்கியதையும் சொன்னாள். ஊர்ப்பெயர் அவளுக்கு நினைவில் இல்லை. தாய் சொல்லியிருந்தாளாம்; மறந்துவிட்டதாம்.

நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு ஏட்டின் வலிமை நன்கு தெரியும். பணிப்பதிவேட்டில் ஒரு தேதி விடுபட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். வாழ்ந்த மனிதன் எதிரே நின்றாலும், கோப்பு கேட்பது தாளைத்தான். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகங்களின் கடமையாக்கியது. 1972-ஆம் ஆண்டின் சட்டம் பணிக்கொடையை உரிமையாக்கியது. ஆயினும் தோட்டம் நலிந்தபோது போனக்காட்டுத் தொழிலாளர் பலர் தமக்குரிய தொகைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். எத்தனை ஆண்டு உழைத்தார், எந்த லயத்தில் வாழ்ந்தார் என்பதற்குச் சான்று, உழைப்பித்தவரின் ஏட்டிலேயே இருந்தது. தன் வரலாறு தன் கையில் இல்லாதவருக்குத் தன் உரிமையும் கைக்கெட்டாது போகும். ஆகவே ஊர் வரலாறு எழுதுவதை ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் தகாது.

இதற்கு முன்னோடிகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916-இல் தம் மாணவரைச் சிற்றூர்களுக்கு அனுப்பி, வீடு வீடாகக் கேட்டு எழுதச் செய்தார். திருநெல்வேலியைச் சார்ந்த கங்கைகொண்டானும் அவ்வூர்களுள் ஒன்று. 1918-இல் வெளிவந்த அந்நூல் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. தொலைவிலுள்ள ருமேனிய நாட்டில் டிமிட்ரி குஸ்தி என்னும் பேராசிரியர் 1925 முதல் மாணவரை ஊர்களுக்கு அழைத்துச் சென்றார். உழவர் வீட்டு அடுப்பு, கூலி, நோய், பாட்டு, நம்பிக்கை என யாவற்றையும் குழுவாகப் பதிவு செய்தனர். நெரேஜ் என்னும் ஒரு மலையூரைப் பற்றி மட்டும் 1939-இல் மூன்று தொகுதிகள் வெளிவந்தன. குஸ்தியின் முயற்சியால் 1936-இல் புக்கரெஸ்ட் நகரில் ஊர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஊர்ப்புறத்து வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் நிறுத்தினர். அரண்மனைக்கு உரிய மதிப்பை உழவன் குடிசைக்கும் அளித்த செயல் அது.

நம்மவரிடையேயும் சான்று இல்லாமல் இல்லை. இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டினார். கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளையே 2007-இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கினர். லயத்து அறையும் அருங்காட்சியகம் ஆகும் தகுதி உடையது என்பதை அம்மக்கள் நமக்கு முன்னரே உணர்ந்துள்ளனர்.

காலம் நமக்காகக் காத்திராது. இதே பொதிகையின் கிழக்குச் சரிவில் உள்ள மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட அத்தோட்டத்தில், குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, 2024-இல் தொழிலாளர் விருப்ப ஓய்வு பெற்று இறங்கும் நிலை வந்தது. காட்டைக் காப்பது நாட்டுக்கு நலமே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் காடு மீளும்போது, அங்கு நான்கு தலைமுறை வாழ்ந்தவர் வாழ்ந்த சுவடும் உடன் அழிய வேண்டும் என்பதில்லை. போனக்காட்டிலும் இளையோர் வேலை தேடி இறங்கிவிட்டனர், எஞ்சியோர் முதியோர்.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. சங்கத்தின் இளைஞர் நால்வர் ஒரு குறிப்பேட்டோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போனக்காடு செல்லலாம். எவர், எங்கிருந்து, எந்த வழியாக, எவரோடு வந்தார்? எந்தக் கங்காணி அழைத்தார்? முதல் சம்பளம் எவ்வளவு? எந்தச் சாமியை உடன் கொணர்ந்தனர்? எந்தப் பாட்டைக் கொழுந்து எடுக்கும்போது பாடினர்? இறந்தவரை எங்கே அடக்கம் செய்தனர்? இந்த ஆறு கேள்விகள் போதும். சொன்னவர் சொன்னபடியே, அவர்தம் மொழியிலேயே எழுதி, ஒரு படியை அவர்களிடமும் கொடுத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அக்குறிப்புகள் வெளிவருமாயின், வெற்றிலை இடிக்கும் அம்முதியவளுக்கு அதைப் படித்துக் காட்ட நாமே பேருந்து ஏறிச் செல்வோம்.