முழங்கை எத்தனை பாகை?

மலையேறும் பாதை – 6

யட்டியாந்தோட்டையில் ஏறிய ஹட்டன் பஸ் என்னைக் கித்துல்கலயில் இறக்கிவிட்டபோது மழை விட்டிருந்தது. விட்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. இந்தப் பக்கத்து மழை இடையிடையே மூச்சு வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். களனி கங்கை பாறைகளுக்கிடையே நுரை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. தலைக்கவசமும் துடுப்புமாக வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் ஏ7 வீதியைக் கடந்து ஆற்றுக்கு இறங்கினார்கள். கடையோரம் முழுக்கக் கித்துல் பாணிப் போத்தல்கள்.

வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது பாலத்தை. ‘தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்’ படத்தை டேவிட் லீன் எடுத்தது இங்கேதான். 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் வாங்கிய படம். கதை நடப்பது தாய்லாந்தில். திரையில் ஓடுவது களனி. படத்துக்கென்றே மரப்பாலம் கட்டி, படத்துக்கென்றே தகர்த்தார்கள். ஆற்றோரத்தில் அத்திவாரக் கொங்கிரீட் மட்டும் பாசி பிடித்துக் கிடக்கிறது. அந்தக் கதைக்குப் பின்னாலிருந்த உண்மையான மரண ரயில்பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். படம் பேசுவது பிரித்தானியச் சிப்பாய்களைப் பற்றி. கண்ணுக்குக் காட்டுவது ஒன்று, நடந்தது இன்னொன்று என்பதற்கு இந்த ஊர் எழுபது வருஷமாகச் சாட்சி. அன்று பிற்பகல் ஒரு தேநீர்க் கடையில் கேட்ட வழக்கும் அதே வகைதான்.

கடையில் மூன்று பேர். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர். படகுச் சவாரிக்கு வழிகாட்டும் இளைஞர் ஒருவர். கொழும்பில் வேலை செய்து விடுமுறைக்கு லயத்துக்கு வந்திருந்த அவருடைய கூட்டாளி. கையில் பிளேன்டீ, கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு. நடுவில் ஒரு கைத்தொலைபேசி. அதில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் கமிந்து மெண்டிஸ் பந்து போட்டுக்கொண்டிருந்தார்: வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கையால், இடக்கை ஆட்டக்காரருக்கு வலக்கையால்.

“ரெண்டு கையாலயும் போட விடுவாங்களா தாத்தா? ஏமாத்துற மாதிரியில்ல இருக்கு!”

விடுவார்கள், ஒரு நிபந்தனையோடு. எந்தக் கையால் போடப்போகிறார் என்பதைப் பந்துவீச்சாளர் முன்கூட்டியே நடுவரிடம் சொல்ல வேண்டும். நடுவர் அதைத் துடுப்பாட்டக்காரருக்குச் சொல்வார். சொல்லாமல் கை மாற்றினால் நோ போல். சொல்லிவிட்டால் ஒரே ஓவருக்குள்ளும் மாற்றலாம். காலி ரிச்மண்ட் கல்லூரிப் பையனாகக் கமிந்து இதை 2016இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் செய்தபோதே பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். 2025இல் தன் முதல் ஐபிஎல் ஆட்டத்திலும் அதையே செய்து ஒரு விக்கெட்டும் எடுத்தார்.

படகு இளைஞர் விடவில்லை. அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் சவாரி முழுக்க பேஸ்போல் கதையே சொன்னாராம். அங்கேயும் இரண்டு கையாலும் எறிகிற ஒருவர் இருந்தாராம். இருந்தார்தான்: பெயர் பாட் வெண்டிட். 2008இல் நியூயோர்க்கில் நடந்த கீழ்நிலைப் போட்டி ஒன்றில் அவருக்கு எதிரே வந்தவர் இரண்டு பக்கமும் நின்று அடிக்கக்கூடியவர். இவர் கையை மாற்ற, அவர் பக்கத்தை மாற்ற, அவர் மாற்றியதைப் பார்த்து இவர் மறுபடி கையுறையைக் கழற்றி மாட்ட, பந்து மட்டும் நகரவே இல்லை. கடைசியில் அதற்கென்றே ஒரு விதி எழுதவேண்டியதாயிற்று. எறிபவர்தான் முதலில் கையைக் காட்ட வேண்டும்.

“எறியிறதுனு சொல்றியே, அங்க எறியலாமா?” பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எறியலாம். பேஸ்போலில் முழங்கையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மடக்கி நிமிர்த்தி வீசுவதுதான் அந்த ஆட்டமே. அங்கே காவல் காலுக்கு. எறிபவரின் கால் 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட ஒரு வெள்ளைப் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அங்கிருந்து அடிப்பவரின் தட்டுக்கு 60 அடி 6 அங்குலம். ஓட்டக்காரர் தளத்தில் நிற்கும்போது எறிவதுபோல் பாசாங்கு செய்து நிறுத்தினால் குற்றம். அந்தப் பலகைக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ரப்பர்.

“ரப்பரா!” பெரியவர் சிரித்த சிரிப்பில் தேநீர் தளும்பியது. “முப்பது வருஷம் நானும் அது மேலதான் நின்னேன். யாரும் கைதட்டல.”

இரண்டு ஆட்டமும் ஒரு காலத்தில் கையைத் தாழ்த்திப் பந்து போட்ட ஆட்டங்கள்தான். கை தோளுக்கு மேலே போகலாம் என்று கிரிக்கெட் ஒத்துக்கொண்டது 1864இல். பேஸ்போலின் தேசிய லீக் 1884இல். அதன் பிறகு பாதை பிரிந்தது. ஒன்று முழங்கையை விட்டுவிட்டது. மற்றது அதைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிடியில் அகப்பட்டவர் கண்டியில் பிறந்த ஒரு தமிழர்.

முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பேரன் 1992 ஓகஸ்டில் இலங்கைக்காக டெஸ்ட் ஆடினார். 1995 டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்ணில், நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு முறை கையை நீட்டி நோ போல் என்றார். எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. முரளி மறுமுனைக்குப் போய்த் தொடர்ந்து வீசினார். அங்கே நின்ற நடுவருக்கு எதுவும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் நோ போல் கொடுத்தார்; முரளி லெக் ஸ்பின்னுக்கு மாறியபோதும் கொடுத்தார். 1999இல் அடிலெய்டில் எமர்சன் திரும்பவும் ஆரம்பிக்க, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை நடந்தார். ஆட்டம் தொடர்ந்து, இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது.

இதைச் சொல்லும்போது பெரியவருக்குத் திகதி ஒன்றும் தடுமாறவில்லை. லயத்தில் அப்போது ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியாம். பெட்டரியில் ஓடியது. அடிலெய்டு அன்று பாதியில் பெட்டரி இறங்கிவிட, மிச்சத்தை வானொலியில் கேட்டார்களாம்.

“எங்களப் பரிசோதிக்காத ஆபீசு கிடையாது தம்பி. பிரஜாவுரிமைக்கு எத்தன பாரம், எத்தன வருசம். அவன் கையப் பரிசோதிச்சப்ப, இதுவும் அதுதான்னு பட்டுச்சு.” 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடியுரிமையிழந்த சமூகத்தின் கணக்கு 2003இல் வந்த சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. முரளி அப்போது நானூறு டெஸ்ட் விக்கெட்டைத் தாண்டியிருந்தார்.

கொழும்பு இளைஞர் குறுக்கிட்டார். “அதுக்காக விதிய விட்டுற முடியுமா? பார்த்தா எறியிற மாதிரித்தானே இருக்கு.”

இருக்கிறது. சிக்கலே அதுதான். முரளியின் வலக்கை பிறப்பிலேயே முழுதாக நிமிராது. விதி கேட்பது கை மடங்கியிருக்கிறதா என்றல்ல. கை தோள் மட்டத்துக்கு வந்த நேரத்திலிருந்து பந்து விடுபடும் வரை முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்று. மடங்கியே இருக்கிற கை வேகமாகச் சுழலும்போது, மணிக்கட்டும் கூடச் சுழன்றால், நிமிர்வதுபோல் ஒரு தோற்றம் வரும். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஹொங்கொங்கிலுள்ள ஆய்வுகூடமும் 1996இல் கமராக்களை வைத்து அளந்து இதைத்தான் சொன்னார்கள்: அது கண்மயக்கு. 2004இல், முழங்கை அசைய முடியாதபடி உருக்குக் கம்பி வைத்த பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டு, தன் பந்துகள் அத்தனையையும் தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் முரளி வீசிக் காட்டினார். மறுபக்கம் திரும்பும் தூஸ்ராவையும்.

அந்த தூஸ்ராவில் கதை அவ்வளவு சுத்தமாக இல்லை. அதே ஆண்டு சோதனையில் சுமார் 14 பாகை நிமிர்வு பதிவாயிற்று. பயிற்சிக்குப் பின் பத்தளவுக்கு இறங்கியது. அன்றைய எல்லையோ சுழல்பந்துக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10. பிறகு மற்றவர்களின் கைகளையும் நவீன கமராவால் அளந்து பார்த்தால், மாசற்ற கை என்று பெயர்பெற்ற வேகப்பந்துக்காரர்களே தங்கள் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். நிமிராத முழங்கை உலகில் அநேகமாக இல்லை. 2005 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் 15 பாகை என்றானது. அதற்குக் கீழே நிமிர்வது வெறுங்கண்ணுக்குப் பிடிபடுவதும் கஷ்டம். முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளைந்த விதியின் நிழலில் எத்தனை வேகப்பந்துக்காரர்கள் நிற்கிறார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை. 2010 ஜூலையில் காலியில், பிரக்யான் ஓஜா கொடுத்த பிடியை மஹேல ஜயவர்தன எடுக்க, முரளியின் டெஸ்ட் விக்கெட் கணக்கு 800இல் நின்றது.

பெரியவர் இதற்குத் தன் தொழிலிலிருந்து உவமை எடுத்தார். “பால நிறுக்கிற எடத்துல மெட்ரோலாக்னு ஒன்னு போடுவாங்க. மிதக்கும். பால்ல எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணினு அது சொல்லும். அது வர்றதுக்கு முந்தி கணக்கப்புள்ள பார்த்துட்டு ‘தண்ணி கலந்திருக்கே’னு சொன்னா முடிஞ்சுது. மழைத் தண்ணி சிரட்டையில விழுந்தாலும் நாங்கதான் கள்ளன்.”

“மெட்ரோலாக் பொய் சொல்லாதா?”

“சொல்லும். பாக்கிறவன் ஒழுங்காப் பாக்கலன்னா.”

உடனே எனக்கு ஞாபகத்துக்கு வந்தவர் இலங்கையின் அஞ்சலோ மத்யூஸ். 2023 நவம்பர் 6, டெல்லி, உலகக் கிண்ணம், பங்களாதேஷுக்கு எதிரான ஆட்டம். முந்தியவர் ஆட்டமிழந்து இரண்டு நிமிடத்துக்குள் அடுத்தவர் பந்தை எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. மத்யூஸின் தலைக்கவசப் பட்டி அறுந்துவிட்டது. எதிரணித் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட, சர்வதேச ஆட்டத்தில் நேரம் கடந்ததற்காக ஆட்டமிழந்த முதல் ஆள் ஆனார் மத்யூஸ். பட்டி அறுந்தபோது தனக்கு ஐந்து விநாடி மிச்சமிருந்தது என்று மத்யூஸ் வீடியோவைக் காட்டினார். இல்லை என்றார் நான்காவது நடுவர். கடிகாரம் ஒன்றுதான், படித்தவர்கள் இருவர். பேஸ்போலும் 2023இலிருந்து எறிபவருக்குக் கடிகாரம் வைத்துவிட்டது. தளத்தில் ஆளில்லாவிட்டால் 15 விநாடி. கிரிக்கெட்டில் ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே 60 விநாடி ஓடுகிறது.

“மாலிங்க?” என்றார் படகு இளைஞர். காலிக்குப் பக்கத்து ரத்கமவில் மென்பந்து ஆடி வளர்ந்த லசித் மாலிங்கவின் கை நடுவரின் தொப்பியை உரசுவதுபோல் பக்கவாட்டில் வரும். பார்வைக்கு முரளியைவிட விசித்திரம். விதிக்கு அது பொருட்டில்லை. கை பக்கவாட்டில் வந்தாலும் முழங்கை நிமிராவிட்டால் சரி. 2007இல் தென்னாபிரிக்காவின் நான்கு பேரை அடுத்தடுத்த நான்கு பந்தில் அனுப்பியது அந்தக் கை.

நாலரைக்குக் கடை காலியானது. எல்லோரும் மேலே லயத்துப் பக்கம் போனார்கள், நானும் போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே வெட்டித் தட்டையாக்கிய துண்டு நிலம். மென்பந்து ஆட்டம். மரத்தில் பட்டால் இரண்டு ஓட்டம், கூரையில் விழுந்தால் அவுட், ஓடைக்குள் போனால் அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும். போன சில நிமிடத்தில் கூச்சல். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் போட்ட பந்து ஸ்டம்பைப் பெயர்த்திருந்தது. “எறியிறான், எறியிறான்!” என்று அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டான். போட்டவன் கண்கலங்கி நின்றான்.

பெரியவரைக் கூப்பிட்டார்கள். அவர் பையனின் ஸ்வெட்டர் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டார். பிறகு ஸ்குவெயார் லெக் பக்கம் போய், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, “இப்பப் போடு” என்றார்.

கீழே கினிகத்தேனை பஸ் ஹோர்ன் அடித்தது. ஓடி வந்து ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்தேன். மழை மறுபடி தொடங்கியிருந்தது. மரங்களின் இடைவெளியில் பெரியவர் குனிந்தபடியே நின்றார். பையன் ஓடி வந்தான், கை மேலே போனது. பஸ் வளைவில் திரும்பியது.

(தொடரும்)